ஜெர்மனி ஜான் கேட்ட படிகள்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை வைத்திருந்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஃபோன் லைன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவர் ஆடு ஒன்று மலையேறும் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். தனியாக அல்ல, மாமாவோடு சேர்த்து உலகமெங்கும் பதினோரு பேர். போலந்துக்காரர் ஒருவர் படம் வரைவார், பிரேசில்காரி ஒருத்தி இசை போடுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. யாருக்கும் சம்பளமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்த கேமை எடுத்து இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"இப்டி ஊருக்கே தொறந்து போட்டு வச்சிகினு இருக்கியே மச்சான், எவனாவது தூக்கிகினு போயிட்டா?" என்று என் நைனா கேட்பார்.

"போவட்டும் பாவா, அதுக்குத்தானே வச்சிருக்கோம்" என்பார் மாமா, பெரிய வள்ளல் மாதிரி.

தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆட்டுக்குக் கொம்பு வளைந்திருக்க வேண்டுமா, நேராக இருக்க வேண்டுமா என்று தகராறு வந்து, போலந்துக்காரர் மொத்த கேமையும் நகல் எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார். ஏழு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். மிச்சத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்தது, பிரேசில்காரிக்குக் குழந்தை பிறந்தது. எல்லாரும் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் மாமாவே கேள்வி போட்டு, மூன்று நாள் பார்த்துவிட்டு மாமாவே பதிலும் போட்டார்.

ஆடி மாதம் வந்தது. கடையில் வேலையே இல்லை, ஆனாலும் மாமா ஆட்டைத் தொடவில்லை. "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். ஒருத்தனும் வரலன்னா எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. ஆடு ஏழாவது மலையில் நின்றுகொண்டிருந்தது. எட்டாவது மலையைப் பார்க்காமல் எப்படி விடுவது?

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நான் ஜெர்மனியைச் சேர்ந்த ஜான் ஆனேன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர். ஆகவே, 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் கடும் காய்ச்சலாக இருப்பதால் தங்கள் ஆடு மிகவும் நன்றாக இருக்கிறது' என்று எழுதி அந்த இணையப் பக்கத்தில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மாமா தடுப்புக்கு அப்பால் வெகுநேரம் இருமினார்.

அன்றைக்கே பதில் வந்தது. காய்ச்சல் குணமாகட்டும், எட்டாவது மலை எப்படி இருக்கலாம் என்று மாமா கேட்டிருந்தார். ஜான் எங்கள் ஊர் முருகன் மலையில் இருப்பதுபோலவே முந்நூற்று அறுபத்தைந்து படிகள் கேட்டான். ஆட்டுக்கு மொட்டை, மொட்டையில் சந்தனம், உச்சிக்குப் போனால் பஞ்சாமிர்தம். இதெல்லாம் ஒரு ஜெர்மன்காரனுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

மாமா பழையபடி உட்கார்ந்து வேலை செய்தார். ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க அம்மையார்குப்பத்திலிருந்து வந்தவர் திரையை எட்டிப் பார்த்து, "இன்னாங்க, ஆட்டுக்கு மொட்டை அடிச்சிகினு இருக்கீங்க?" என்றார்.

"ஆங், ஃபாரின் ஆர்டருங்க."

நடுவில் மாமா ஜானுக்கு எழுதினார்: 'உங்கள் ஊரிலும் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சையா?' 'ஆமாம் ஐயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று ஜான் வியந்தான். பரீட்சை முடியும்வரை படி கட்டும் வேலை நிறுத்திவைக்கப்படும் என்று பதில் வந்தது. ஜான் படித்தான். நான் அறுபத்தெட்டு மார்க் வாங்கினேன்.

எட்டாவது மலை முடிந்ததும் அதை முதலில் ஆடியது நான்தான். ஆடு பஞ்சாமிர்தம் தின்றது. பிறகு கேமைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. பிரிந்து போன போலந்துக்காரர் பெயரைக்கூட மாமா எடுக்கவில்லை. கடைசி வரியில் 'ஜான், திருத்தணி' என்று இருந்தது.

அவசரமாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடி, 'ஐயா, நான் ஜெர்மனி, தயவுசெய்து திருத்தவும்' என்று எழுதினேன். மாமா மன்னிப்புக் கேட்டுத் திருத்திவிட்டார். பாவம், இவ்வளவு பெரிய மனுஷரை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிகிறதே என்று எனக்கு மாமா மேல் ரொம்ப இரக்கமாகிவிட்டது. அன்று சாயங்காலம் என் பங்கு முறுக்கில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.