விமானமும் இரண்டேகால் அடிக் கதவும்

ஆயுசில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாத மனிதர் விமானம் ஓட்டுகிறார் என்றால் நம்புவீர்களா? என் வீட்டுக்காரர் ஓட்டினார். செங்கல்பட்டில், எங்கள் வீட்டுப் பின்னறையில், லுங்கியும் முண்டா பனியனுமாக உட்கார்ந்து இரண்டு வருஷம் ஓட்டினார். ஓட்டிக் கிழித்தார்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி இருக்கிற ஒரு கார் தொழிற்சாலையில் அவருக்குக் கதவு வேலை. கதவைப் பொருத்தியதும் கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருஷம் இதையேதான் செய்தார். நடுவில் ஒரு முறை வெளிநாட்டுப் பயிற்சிக்கு என்று இவர் பெயரையும் எழுதினார்கள். அடித்துப் பிடித்துப் பாஸ்போர்ட் எடுத்தார். கடைசி வாரத்தில், இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிற வேறொருவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு முத்திரைகூட விழாத அந்தப் பாஸ்போர்ட் பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இன்னமும் கிடக்கிறது.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்தேன். கிடையாதாம். தலை நரைத்த பெரிய மனிதர்களெல்லாம் உலகம் பூராவும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்களாம். எல்லாருக்கும் கேப்டன் என்று பட்டம் வேறு. சரி, தொலையட்டும், டீக்கடையில் போய் அரசியல் பேசாமல் இருந்தால் சரி என்று விட்டேன்.

"கீபோர்டுல தட்னா ஓட்ற மாதிரியே இல்லம்மே. காக்பிட் கட்டணும்" என்றார் ஒரு நாள்.

காக்பிட் என்றால் விமானத்தின் மூக்குக்குள் ஓட்டுகிறவர் உட்காருகிற கூண்டு. அதை மரத்தில் கட்டி, நடுவில் உட்கார்ந்துகொண்டு, எதிரே டிவியை வைத்து ஓட்ட வேண்டுமாம். ஒழுகுகிற சிங்க்கைச் சரிபார்க்கச் சொல்லி எட்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அதற்கு நேரமில்லை. விமானம் கட்ட நேரம் இருந்தது.

காயலான் கடையிலிருந்து ஒரு பழைய வேன் சீட்டு வந்தது. அதில் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்களோ, மூன்று நாள் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறகு பிளைவுட் வந்தது. பிறகு என் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். என் பழைய தையல் மிஷினின் மிதிபலகையைத் தேடிப்போனால், அது விமானத்தை இடம் வலம் திருப்புகிற மிதியாகிப் படுத்திருந்தது. குக்கர் கைப்பிடி சக்கரத்தை இறக்குகிற நெம்புகோலாகிவிட்டது. மிக்ஸியின் குமிழைக் கழற்றி, எத்தனை அடி உயரத்தில் பறக்க வேண்டும் என்று திருப்புவதற்கு வைத்துக்கொண்டார்.

"சட்னி அரைக்க நான் இன்னாத்தத் திருப்பறது?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளிக்கி இடுக்கிய வச்சித் திருப்பு. வேற வாங்கியாந்துடறேன்."

இரண்டு வருஷம் இடுக்கியை வைத்துத்தான் திருப்பினேன்.

எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டி, திருகாணி இறக்கி, மேலே ஃபைபர் பூசி ஒரே உடம்பாக ஆக்கினார். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யக்கூடாதா என்றதற்கு, "காரும் அப்டித்தான், பாடி ஒன்னா இருந்தாத்தான் ஆடாது" என்றார். ஆடினால் என்ன, கீழே விழுந்து இருநூறு பேர் செத்துவிடப் போகிறார்களா? ஆனால் ஒன்று. முதல் பலகையை அறுப்பதற்கு முன்னாலேயே அறைக் கதவை அளந்தார். கதவு மூன்று அடி. விமானத்தின் அகலம் இரண்டு அடி பத்து அங்குலம். "பக்கத்துக்கு ஒரு அங்குலம் இடம் கீது. என்னிக்கி வேணும்னாலும் வெளிய எடுத்துக்கலாம்" என்றார். அதையும் கேட்டுச் சிரித்தவள்தான் நான்.

அளவு கொடுக்க வருகிற பெண்களுக்கு எங்கள் வீடு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. "யக்கா, அண்ணாத்த இன்னிக்கி எந்த ஊருக்குப் போய்க்கீறாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்கள்.

"துபாய்க்குப் போய்க்கினுகீறாரு. வரும்போது அரை கிலோ வெங்காயம் வாங்கியாரச் சொல்லிகீறேன்."

வீடு அதிரச் சிரிப்போம். பின்னறைக்கு அது கேட்காமலா இருக்கும்? கேட்கும். கேட்டதும் விமானத்தின் சத்தம் கொஞ்சம் கூடும். அவர் பதில் சொல்கிற விதம் அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்லாத மனிதரைக் கேலி செய்வது எவ்வளவு சுலபம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் என் மகள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். எங்களுக்கு ஒரே பெண். கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. முதல் தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இந்தத் தடவை ஒவ்வொரு மாதமும் தாண்டுகிறவரைக்கும் எந்த ஃபோன் வந்தாலும் எனக்குப் பயம்தான். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து பிரசவம் பார்த்து அனுப்புவதுதானே முறை? முறை கிடக்கட்டும், அவள் என் கண்ணெதிரே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அவளைப் படுக்கவைக்க இருப்பது அந்த ஒரே ஒரு பின்னறை.

பயந்தவள் சும்மா இருப்பாளா? மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிற பட்டறை ஒன்றில் வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஒரு கஸ்டமர் சொன்னாள். பஸ் பிடித்துப் போய், கல் தூசிக்கு நடுவில் அரைநாள் காத்திருந்து அவரை அழைத்து வந்தேன். வந்தார். கையில் ஒரு திசைகாட்டி. பின்னறை வாசலில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"கதவு கன்னிமூலைல கீதேம்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணு படுக்கிற ரூமுக்கு ஆவாது. இத்த அடைச்சிட்டு கெழக்கால ஒரு கதவு வைங்க."

ஓகோ, போன தடவை கலைந்ததற்கு இந்தக் கதவுதான் காரணமா என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். மகளுக்குக் கலைந்தது கல்பாக்கத்தில்; கதவு இருந்தது செங்கல்பட்டில். இந்தக் கணக்கு அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. கணவர் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து துபாய் போவது கிறுக்கு என்று ஊரைக் கூட்டிச் சிரித்தவள், திசைகாட்டி வைத்திருந்தவர் சொன்னதும் சுவரை இடிக்க ஆள் கூப்பிட்டேன்.

கிழக்குச் சுவரில் ஒரு தூணும் ஜன்னலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் பாத்ரூமுக்குப் போடுகிற மாதிரிக் கதவுதான் வரும் என்றார் மேஸ்திரி. வரட்டும், ஆள் நுழைந்தால் போதாதா என்றேன். சட்டத்தை நிறுத்திய அன்று மேஸ்திரி, வாஸ்துக்காரர், ரவிக்கை வாங்க வந்த இரண்டு பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என் இஞ்சு டேப்பை எடுத்துப் புதுச் சட்டத்தை அளந்தார்.

"ரெண்டேகாலடிதான் கீது" என்றார்.

"இருந்தா இன்னா? நீங்க கேப்டன் வேலயப் பாருங்க. போங்க, ஏரோப்ளேனு நடுவானத்துல நின்னுகினுகீது. பாவம், பாசஞ்சருங்க பயப்படப் போறாங்க" என்றேன்.

வாஸ்துக்காரர்கூடச் சிரித்துவிட்டார். இவர் டேப்பைச் சுருட்டி என் மிஷின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நாலு நாளில் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது.

வளைகாப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது சம்மந்தியம்மா வந்தார். மகளின் மாமியார். நல்ல மாதிரிதான், ஆனால் கண் எல்லா மூலைக்கும் போகும். புதுக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அறையை அடைத்துக்கொண்டு விமானம் உட்கார்ந்திருந்தது.

"இது இன்னா சம்மந்திம்மா, பொண்ணு எங்க படுக்கும்?"

"எடுத்துடுவோம் சம்மந்திம்மா. நாளைக்கே எடுத்துடுவோம்."

"கஷ்டப்படாதீங்க. ரூம் காலி ஆவலன்னா சொல்லுங்க, நம்ம வூட்லயே வச்சிப் பாத்துக்கறோம். அங்க ஆஸ்பத்திரியும் கிட்டக்கவே கீது."

தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர் ஆட்டோ ஏறியதும் நேரே பின்னறைக்குப் போனேன்.

"இத்த இன்னிக்கே வெளிய எடுங்க. எம் பொண்ணு வரணும்."

அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். "வராது" என்றார்.

"ஏன் வராது?"

என் இஞ்சு டேப்பைக் கொண்டுவந்து விமானத்தின் குறுக்கே பிடித்துக் காட்டினார். இரண்டு அடி பத்து அங்குலம். பிறகு கதவில் பிடித்துக் காட்டினார். இரண்டேகால் அடி. சாய்த்தாலும் படுக்கவைத்தாலும் அதுதான். ஜன்னலில் இரும்புக் கம்பி.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று கத்தினேன்.

"சொன்னேனே."

சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவெடுக்கிறவள். கழுத்து, தோள், கை என்று அரை அங்குலம் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொள்கிறவள். என் வீட்டுக் கதவின் அளவை ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னபோது, நாலு பேரைச் சிரிக்கவைக்கிற அவசரத்தில் அது என் காதில் ஏறவில்லை. தூ என்று என்னை நானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "வளைகாப்புக்கு அஞ்சு நாள்தான் கீது, பழைய வாசல இடிச்சி மறுபடியும் தொறக்க முடியாது, இன்னா பண்ணப் போறீங்க?" என்று அதையும் அவர் தலையிலேயே போட்டேன்.

"அறுத்துடறேன்" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, ரம்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அடுப்படியில் நின்றேன். எடுத்ததும் ரம்பச் சத்தம் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பென்சிலை வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அளந்து, அழித்து, மறுபடி அளந்து. உடைத்துக் குப்பையில் போடுகிற பொருளுக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். மூக்குப் பகுதி தனி, சீட்டுப் பகுதி தனி என்று இரண்டாக அறுத்தார். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் திருப்பி வெளியே கொண்டுவந்து, மேஸ்திரியின் ஆள் ஒருவரோடு சேர்ந்து மாடிக்கு ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார். அன்று மாலையே கடைக்குப் போய் மிக்ஸிக்குக் குமிழ் வாங்கி வந்து மாட்டினார். அதைத் திருப்பும்போது எனக்கு அழுகையாக வந்தது.

கல்பாக்கத்தில் வளைகாப்பு நன்றாக நடந்தது. மகளை அழைத்து வந்தோம். கை நிறையக் கண்ணாடி வளையல், காலெல்லாம் வீக்கம். பின்னறையில் புதுக் கட்டில், புது மெத்தை, கிழக்கே பார்த்த கதவு. படுத்துக்கொள்ளம்மா என்றேன். படுத்தவள் இரண்டு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"மல்லாந்தா மூச்சு முட்டுதும்மா. சைடுல படுத்தா இடுப்பு வுட்டுப் போவுது. ஒரு மாசமா சோபாலதான் சாஞ்சிகினு தூங்கறேன்." அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அப்பா ஏரோப்ளேன் எங்க? அந்த சீட்டு நல்லா சாயுமே. அதுல தூங்கிக்கலாம்னுதான் நெனச்சிகினு வந்தேன்."

நான் சுவரைப் பார்த்தேன். அவர் மாடிக்குப் போனார். சீட்டு இருந்த பாதியைக் கீழே இறக்கி, பக்கவாட்டில் திருப்பி, அந்தக் கதவு வழியாகவே உள்ளே கொண்டுவந்தார். எங்கேயும் இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவுக்குத்தான் இடம். மகள் அதில் உட்கார்ந்து, சீட்டைச் சாய்க்கிற நெம்புகோலைத் தள்ளி, கால் நீட்டி, வளையல் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

அறுத்த விளிம்பு சொரசொரவென்று இருந்தது. தூக்கத்தில் கையைப் போட்டால் சிராய்க்கும். மிச்சம் கிடந்த வெல்வெட் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அளக்கப் போன என் கையிலிருந்து அவர் டேப்பை வாங்கிக்கொண்டார், மகள் முழித்துக்கொள்ளப் போகிறாளே என்று குனிந்து, மெதுவாக விளிம்பைச் சுற்றி வைத்து, அளவைச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அன்றைக்கு மேஸ்திரி முன்னால் கதவின் அளவைச் சொன்னதும் இதே குரலில்தான்.