பந்து திரும்பிய இடம்

நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அந்த டிவியை இன்னும் தூக்கிப் போடவில்லை. யார் அதைத் தொடுவது என்பதில்தான் தகராறு.

நான் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. வீட்டில் கிடந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் மச்சான் ஒரு பழைய பெட்டி டிவியும் வீடியோ கேமும் வாங்கி வந்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்தான். செங்கல் உடைக்கிற விளையாட்டு. கீழே நகரும் பலகை, அதில் பட்டு எகிறும் பந்து, மேலே வரிசையாகச் செங்கல்.

"கட்டுன பாவத்தை உடைச்சுக் கழிங்க மாமா" என்றான்.

அன்று மாலை ஏழு மணி. நல்ல மழை. நாலு வயது மகள் காய்ச்சலோடு எனக்குப் பின்னால் மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி மருந்து வாங்கக் கிளம்பினாள்.

"வெளிய பூட்டிட்டுப் போறேன். எந்திரிச்சுத் தொலைக்காதீங்க. பாப்பாவப் பாத்துக்கங்க."

"இங்கேருந்தே பாத்துக்கறேன், போ."

ஊன்றுகோல் கதவோரம். போன் அவள் பையில். நான் நாற்காலியில்.

அந்தப் பந்துக்கு நேர்மையே கிடையாது. இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் போகும். அன்று இன்னும் மோசம். செங்கலைத் தொடும் முன்பே, ஒன்றுமே இல்லாத நடுத்திரையில் எதிலோ பட்டதுபோல் திரும்பியது. டொக். மறுபடியும்... டொக்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மச்சானிடம் காட்டிச் சண்டை போட வேண்டுமே! மகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, பந்து திரும்பிய இடத்திலெல்லாம் கண்ணாடியில் புள்ளி வைத்தேன். கோணல் எங்கே என்று குறி வைத்துப் பார்ப்பது தொழில் புத்தி.

புள்ளிகள் சேர்ந்து ஒரு தலை. இரண்டு தோள்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கறுப்புத் திரையில் கண்ணாடிபோல் அறையே தெரியும். நான், என் கட்டு, பின்னால் மெத்தை. என் உருவத்தில்தான் பந்து படுகிறதோ என்று விளையாட்டாகத் தலையைச் சாய்த்தேன். திரையில் என் தலையும் சாய்ந்தது. பந்து பழைய இடத்திலேயே பட்டுத் திரும்பியது.

டொக்.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. மகள், மெத்தை, சுவர்.

அதற்குள் பந்து விழுந்துவிட்டது. மொத்தம் மூன்று பந்து. இரண்டாவது பந்து, புள்ளிகளைத் தாராளமாகக் கடந்து போனது. கொஞ்சம் தள்ளிப் போய்... டொக்.

மெத்தை தெரிகிற பக்கம்.

நகர்கிறது.

"பாப்பா! எந்திரிம்மா!"

அவள் அசையவில்லை. அக்கம்பக்கத்தைக் கூவி அழைத்தேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எழப் பார்த்தேன். வலியில் உயிர் போனது. நாற்காலியிலேயே சரிந்தேன். இரண்டாவது பந்தும் போயிற்று.

கடைசிப் பந்து.

பின்னால் நிற்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை. பந்துக்குத்தான் தெரிகிறது. பந்து விழுந்தால், அது எங்கே நிற்கிறது என்றே எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே ஆடினேன்.

டொக். மெத்தையோரம்.

டொக். இன்னும் கீழே... குனிகிறது.

டொக். மகளின் தலைமாட்டில்.

பந்து தப்பியது.

திரை கறுத்தது.

நாற்காலியோடு கவிழ்ந்தேன். காலை இழுத்துக்கொண்டே போய் மகள் மேல் கை போட்டேன். ஏழு ஐம்பதுக்கு மனைவி கதவைத் திறந்தபோதும் அப்படியேதான் கிடந்தேன். மகளின் உடம்பு சில்லென்று இருந்தது.

"அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு" என்றாள் மனைவி.

மறுநாள் அவள் புள்ளிகளைத் துடைத்தாள். சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய், கடைசியில் பிளேடு. எதற்கும் போகவில்லை. கண்ணாடியை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க... இத எப்படி உள்பக்கமா வச்சீங்க?"

மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஓடுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் அன்றிலிருந்து அவ்வளவு பெரிய மெத்தையில் சுவரோரம் ஒடுங்கித்தான் படுக்கிறாள். நடுவில் இழுத்துப் போட்டாலும் தூக்கத்திலேயே நகர்ந்துவிடுகிறாள். நேற்று கேட்டேவிட்டேன்.

"ஏம்மா கண்ணு, இவ்ளோ இடம் இருக்கே?"

மெத்தையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னை.

"இடம் எங்கப்பா இருக்கு?"