கழிக்க மறந்த தண்ணீர்

கேழ்வரகில் ஒரு புரதம் இருக்கிறது. அதில் நூற்றிருபத்திரண்டு அமினோ அமிலங்கள் மணி கோத்ததுபோல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் எடையையும் கூட்டினால் மட்டும் புரதத்தின் மூலக்கூறு எடை வந்துவிடாது. இரண்டு மணிகள் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறிவிடும். சேருகிற ஒவ்வோர் இடத்துக்கும் அந்தத் தண்ணீரின் எடையான பதினெட்டைக் கழிக்க வேண்டும். தெரியாததல்ல. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

தர்மபுரியில் எம்.எஸ்சி. கடைசி வருடம் படித்தேன். கணினியில் போட்டால் நொடியில் விடை விழும், ஆனால் எங்கள் மேடம் விடமாட்டார். எல்லோரும் அதே புரதத்தைக் கையால் கணக்கிட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் சரிபார்த்துப் பென்சிலில் கையெழுத்துப் போட வேண்டும். என் பக்கத்தில் என் தோழி. மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு வருடமாக ஒரே பஸ், ஒரே சீட். வாய்மொழித் தேர்வில் தேறும் ஒருவரைப் பெங்களூர் ஆய்வகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் எனக்கு ஓசூரில் ஏதாவது கம்பெனியில் ஷிஃப்ட் வேலைதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இடத்துக்கு வெறியாக ஆசைப்பட்டேன்.

அவள் என் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் கரெக்டா இருக்குடி. நீதான் கணக்குப் புலியாச்சே, பயப்படாம போ."

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் விடையைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, தண்ணியக் கழிக்கலையா?" தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்து அவள் உள்ளே போனாள். கதவு வழியாகக் குரல் கேட்டது. "அத்தனை இணைப்புக்கும் தண்ணியக் கழிச்சிட்டேனுங்க சார்."

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கே காலைலதான்டி ஞாபகம் வந்துச்சு. சொல்றதுக்குள்ள உன்னக் கூப்பிட்டுட்டாங்க. சத்தியமா." நம்பினேன். அவள் பெங்களூர் கிளம்பிய அன்று பஸ்ஸில் பையை ஏற்றிவிட்டதும் நான்தான்.

ஒரு மாதம் கழித்துப் பழைய தாள்களைக் கிழிக்க எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் என் கூட்டுத்தொகையின் ஓரம் பென்சில் பதிந்த தடம் தெரிந்தது. 121 × 18 = 2178. நடுவில் கோடு போட்ட ஏழு. அப்படி எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். எனக்குச் சொல்லத்தான் எழுதியிருக்கிறாள். பிறகு யோசித்திருக்கிறாள். தாள் கிழியாமல் பக்குவமாக ரப்பர் வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். எனக்கு அறுபட்டது தெரியவே ஒரு மாதம் ஆனது.

அந்தத் தடத்துக்குக் கீழே, அழிக்காமல் விட்டிருந்தாள்: 'சரிபார்த்தேன்', அவள் கையெழுத்து.