பதினான்காம் மனைக்கு மட்டும்

இங்கே சில பத்திரங்களில் கையெழுத்துக்கு முன்னால் 'போன் பூர் புவ்வார்' என்று சொந்தக் கையால் எழுதச் சொல்கிறார்கள். 'இந்த அதிகாரத்தைத் தருகிறேன்' என்று பொருள். பாரிசுக்கு வெளியே, என் வீட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டு நடையில் இருக்கும் நோத்தேர் எனும் பத்திர அதிகாரியின் அலுவலகத்தில் அதை எழுதிவிட்டு, பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து இடது பெருவிரலையும் பதித்தேன். அங்கிருந்த அம்மாள் பதறிப்போனார்.

"மிஸ்யே, உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே?"

"தெரியும் மதாம். எங்கள் ஊரில் விரலையும் கேட்பார்கள்" என்றேன். அவர் பரிவோடு விரல் துடைக்கத் தாள் கொடுத்தார். அந்த மூன்று சொல்லுக்கு மேல் எனக்கு எழுத வராது என்றே கடைசிவரை நினைத்திருப்பார்.

அந்தப் பத்திரம் எங்கள் ஊர் ஒதியம்பட்டில் இருக்கும் என் தங்கை தனபாக்கியத்துக்கு. அவள் வீட்டுக்கு அடுத்த பதினான்காம் எண் மனையை என் பெயரில் வாங்க அவளுக்கு நான் கொடுத்த பவர். அந்த மனைக்கு மட்டும். பொங்கலுக்குப் போயிருந்தபோது அதை நானே காலால் அளந்தேன். கிழமேல் பதினெட்டு எட்டு, தென்வடல் இருபத்தாறு. எதிரே அப்போது வெறும் பொட்டல். ஊரில் எதையும் செய்யலாம் என்று பொதுப் பவர் கொடுத்துவிட்டு மனையைத் தேடி அலைகிற இருவரை எனக்குத் தெரியும். அதனால் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, தானம் தரக் கூடாது என்று எழுதிக்கொண்டே போனேன். பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் தனபாக்கியம் வாட்சப்பில் கூப்பிட்டாள்.

"இன்னாண்ணா, ஏழு எடத்துல கூடாதுன்னு எழுதிகிற. நான் இன்னா திருடியா?"

 கூடாதுகளை அவளும் எண்ணியிருக்கிறாள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அடுத்த வாரம் இன்னொரு செய்தியோடு கூப்பிட்டாள். பொட்டலில் புது ரோடு போட்டுவிட்டார்கள். அது நேராக வந்து பதினான்காம் மனையில் முட்டுகிறது. தெருக்குத்து. அப்படிப்பட்ட மனையில் குடியிருந்தால் ஆகாது என்பது ஊர் நம்பிக்கை.

"மனைக்காரரு பக்கத்து மன பதினஞ்ச தர்றேங்கிறாரு. மாசக் கடைசி வரிக்கும்தான். அப்பால வேற ஆளுக்குப் போயிடும். உன் பவர வெச்சிகினு பதினஞ்ச வேடிக்கதான் பாக்க முடியும்."

"தனம், பதினாலையே முடிச்சிடு. நான் இங்க முப்பத்தோரு வருஷமா தெருக்குத்துலதான் இருக்கேன். ஒண்ணும் ஆகல."

"அதாண்ணா ஊட்டுக்கு வராம அங்கியே கெடக்குற."

பேசி முடித்ததும் சன்னலருகே போனேன். எங்கள் கட்டடத்துக்கு எதிரே தெரு நேராக வந்து முட்டி இரண்டாகப் பிரிகிறது. முப்பத்தோரு வருஷமாகத் தெரிந்ததுதான். அன்றுதான் அதை உற்றுப் பார்த்தேன்.

மறுநாளே நோத்தேரிடம் போனேன். 'பதினான்கோ பதினைந்தோ, என் தங்கை முடிவு செய்வது' என்று எழுதச் சொன்னேன். ஏழு கூடாதுகளையும் அப்படியே விட்டேன். மனசு அவ்வளவுக்குத்தான் வந்தது. விரலைப் பதிக்கும் முன்பே அந்த அம்மாள் தாளை எடுத்து நீட்டிவிட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பதிவு முடிந்தது. கிரயப் பத்திரத்தைத் தனபாக்கியம் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பதினைந்தாம் மனை. வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயர், அதற்கு நேரே எனக்காக அவள் பதித்த இடது பெருவிரல். சன்னலருகே உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கி ரேகைகளை எண்ணினேன். பத்தொன்பது வரை வந்தபோது எதிர்த்தெருவிலிருந்து ஒரு காரின் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. கணக்கு விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.