நாலு பேர் பார்த்த மிலிட்டரி டிரக்

போன ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் ஒரு பழைய மிலிட்டரி டிரக்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்து, "ம்... பரவாயில்லை" என்றேன். எதைப் பார்த்துச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. சைக்கிள் செயின் கழன்றாலே ஆள் தேடுகிறவன் நான்.

பிறகு ஏன் படுத்தேன்?

வாயால் வந்த வினை. யுத்தகாலத்தில் இரண்டு வருஷம் ஒரு மிலிட்டரி டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தேன். நான் எடுத்த ஒரே ஆயுதம் ரப்பர் ஸ்டாம்ப். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் இதை "மிலிட்டரியில் இருந்தேன்" என்று சுருக்கிச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த இன்றுவரை வேளை வரவில்லை.

மைத்துனன் ரமணிக்கு வேலை போய் ஆறு மாதம். தி. நகரில் ஒரு கல்யாண சமையல் கான்ட்ராக்டர், தை பிறப்பதற்குள் வண்டி வாங்கினால் பாத்திரமெல்லாம் நீயே ஏற்றலாம் என்று சொல்லியிருக்கிறார். ரமணி தேடிப் பிடித்தது, மிலிட்டரி ஏலத்தில் வந்த இந்தப் பச்சை டிரக். இதை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு தெரியவில்லை. "அத்திம்பேர் பார்த்து சரின்னா முடிச்சுடறேன்" என்றான்.

விற்கிற எத்திராஜு அவனிடம் முதல் நாளே சொல்லியிருந்தாராம்: "தனியா வராதே சார். நாலு பேரைக் கூட்டிக்கினு வா. நல்லா பாத்து வாங்கு."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வியாபாரியா? நெகிழ்ந்துபோய், எதிர்வீட்டு சமஸ்கிருத வாத்தியாரையும் மாடியில் குடியிருக்கும் பாங்க் குமாஸ்தாவையும் மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏற்றி அழைத்துப் போனேன். ரமணியையும் என்னையும் சேர்த்து நாலு பேர்.

நாலு பேரும் ஆளுக்கொரு டயரை உதைத்தோம். எதற்கு? டயர் பதில் சொல்லுமா? வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம், டிரக் என்றால் உதைத்துவிட்டுத் தலையாட்டுகிறோம். தெரியாது என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை.

கதவில் ஒரு பள்ளம். "குண்டு பட்ட இடமோ?" என்று வாத்தியார் பக்தியோடு கேட்டார்.

"மாடு முட்டிச்சு சார்" என்றார் எத்திராஜு.

பின்பலகையில் எட்டு இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து தகரம் பளபளத்தது. எத்தனை சிப்பாய்கள் பிடித்து ஏறினார்களோ... தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வண்டி சரிவில் நின்றிருந்தது. தண்ணீர் தேங்காத நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களை ஏற்றிக்கொண்டு எத்திராஜு பிரேக்கை விட்டார். சரிவில் உருண்டு, உறுமி, கிளம்பியேவிட்டது. அடையாறு பக்கமாக ஒரு மைல். ஒரு டீக்கடை வாசலில் நின்றுபோனது.

எத்திராஜு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எறங்குங்கோ சார்" என்றார், கண்டக்டர் மாதிரி.

இறங்கினோம். தள்ளுவதற்குப் பின்பலகையில் கை வைத்தோம். தேய்ந்த இடங்களில் எங்கள் கைகள் கச்சிதமாகப் பொருந்தின. நாலு பேர், எட்டுக் கை.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா எத்திராஜு, இந்த வாரம் இவுங்களா? போன வாரத்து ஆளுங்க தாட்டியா இருந்தாங்களே."

"அத்திம்பேர்..." என்றான் ரமணி, மூச்சு வாங்க. "அடியில படுத்துண்டு பார்த்தேளே?"

"பார்த்தேன்" என்றேன்.

மூன்றாவது தள்ளலில் வண்டி கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை. "நிறுத்தினா மறுக்கா தள்ளணும் சார், நீங்க பஸ்ல பூடுங்கோ" என்று எத்திராஜு குரல் மட்டும் வந்தது.

ரமணி தைக்கு ஒரு மாட்டு வண்டி பேசிவிட்டான். கான்ட்ராக்டரும் சரி என்றாராம். நேற்று வீட்டுக்கு வந்து சொன்னபோது, மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்ல வேண்டுமானால் வருகிறேன் என்றேன். அவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினான்.

சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "ஏன்னா, உங்களையும் வெச்சுண்டா அந்த யுத்தத்துல ஜெயிச்சா?"