முழுக விடாத ஏரி

ஜோர்டானில் இந்த உப்பு ஏரிக்கரைக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் ஒரு கொசு இல்லை, தவளை இல்லை, கரையில் ஒரு கொக்கு இல்லை. நம் மதுரையில் தெருக்குழாயடியில் நாலு நாள் தண்ணீர் தேங்கினால் போதும், தவளை குடும்பத்தோடு குடியேறிவிடும். இங்கே இவ்வளவு தண்ணீரை எந்த உயிரும் சீந்தவில்லை. பயமாக இருந்தது என்று சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

வேதியியல் படித்தவன் என்பதால் காரணம் தெரியும். பூமியிலேயே தாழ்ந்த கரை இது. கடல் மட்டத்துக்கு நானூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆறு உள்ளே வருகிறது, வெளியேற வழி கிடையாது. பாலைவன வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. ஆயிரமாயிரம் வருடங்களாக இதே கதை. கடலைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. அதுவும் சோற்றுப்பு மட்டுமல்ல. மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், புரோமின் என்று எல்லாம் சேர்ந்து, தொட்டால் எண்ணெய்போல வழுக்கும், நாக்கில் பட்டால் பேதி மருந்தாகக் கசக்கும். வெள்ளத்தில் ஆற்றோடு வரும் மீன்கள் முகத்துவாரத்திலேயே செத்து மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள்தான் இதில் பிழைத்துக் கிடக்கின்றன. மேலே ஆற்றை ஆளாளுக்கு மடக்கிக்கொண்டதால் ஏரி வருடத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்குகிறது. போதாததற்கு நாங்கள் வேறு அந்த நீரைப் பாத்திகளில் இறைத்துக் காயவைத்துப் பொட்டாஷ் எடுக்கிறோம். நம் வயல்களில் மூட்டை பிரித்துத் தூவும் அதே பொட்டாஷ்தான். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குக்கூட அது போயிருக்கலாம்.

ஏரியின் பெயரிலேயே சாவு இருக்கிறது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பெரிய ஏரி என்று மட்டும் போனில் சொல்லி வைத்தேன். ஏரி என்றால் மீனுக்குப் பஞ்சம் இருக்காதே, வாங்கிச் சாப்பிடு என்றாள். தினமும் மீன் குழம்புதான் என்று வாய் கூசாமல் அளந்தேன். மகன் ஏரி மீனாகச் சாப்பிடுகிறான் என்று ஆரப்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கப் பெருமை பேசினாளாம். அந்தப் பொய்யை நம்பியபடியேதான் போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளைய மகன். இளையவன் நான். என் பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் பூட்டிக் கிடந்தது. பாத்திகளில் உப்பு வாரும் சமயம், ஆய்வகத்தில் ஆள் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் மேலாளர். கெஞ்சினேன், காலில் விழாத குறை. இறந்துவிட்டவருக்கு இனி அவசரம் என்ன என்று கேட்டார்.

நான் வைக்க வேண்டிய கொள்ளியை அண்ணன் வைத்தான். பதினாறாம் நாள் காலையில் அவனே போன் செய்தான்.

"டேய், இங்கன காரியம் நடக்குது. நீ அங்கன ஏரியில ஒரு முழுக்குப் போட்ரு. எள்ளும் சோறும் உருட்டி விட்ரு, மீனு தின்னாப் போதும், அம்மாவுக்குச் சேந்துரும்."

அவனும் அந்த மீன் கதையை நம்பியிருந்தான். சரி என்றேன்.

அறையில் குழாய் இருந்தது. ஆனால் குழாயடியில் நிற்பது முழுக்கு ஆகாது என்று வளர்ந்தவன் நான். படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ, கம்பெனி வண்டியோட்டி அபு காலிதைக் கூப்பிட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன். எள்ளும் சோறுமாக உருட்டிப் போட்ட மூன்று உருண்டைகளும் மிதந்தன. கொத்த எதுவும் வரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அமிழ்ந்தேன். தண்ணீர் தக்கையைத் தள்ளுவதுபோல் என்னை மேலே தள்ளியது. மறுபடி அமிழ்ந்தேன். இந்த முறை கால் மேலே போய் முகம் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. கண்ணிரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரிய, கைகால் உதறினேன்.

அபு காலித் உடுப்போடு இறங்கி என்னை இழுத்துப் போட்டு, வண்டியில் இருந்த குடிநீரையெல்லாம் என் கண்ணில் ஊற்றினார். அழுதுகொண்டே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "வேண்டாம் சகோதரா. உனக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். இப்படிச் சாகாதே" என்றார். சாக வரவில்லை, அம்மாவுக்காக முழுக வந்தேன் என்றேன். அம்மாவிடம் போக முழுகினான் என்றே அவர் புரிந்துகொண்டார்.

அவர் போய்ச் சொன்னதும் மேலாளர் அரண்டுவிட்டார். மறுநாளே பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது, டிக்கெட்டும் வந்தது. தாய் செத்ததற்குக் கிடைக்காத விடுமுறை, நான் சாகப் பார்த்தேன் என்றதும் கிடைத்தது. சிரிக்கவா அழவா என்று விளங்காமல் விமானம் ஏறினேன்.

அம்மாவின் அஸ்தியை அண்ணன் ராமேஸ்வரத்தில் கரைத்து முடித்திருந்தான். எனக்கு இன்னும் முழுக்கு மிச்சம் என்று தத்தனேரி மயானத்தை ஒட்டி வைகையில் இறக்கினான். அது மழை பொய்த்த வருடம். இக்கரைக்கும் அக்கரைக்கும் மணல்தான். அண்ணன் மண்டி போட்டு, கையால் மணலைத் தோண்டினான். முழங்கை ஆழத்தில் கலங்கலாகக் கொஞ்சம் ஊறியது. சொம்பு மூழ்கக்கூடக் காணாது. நான் மணலில் படுத்து அந்தக் குழிக்குள் தலையைக் கொடுத்தேன். அவன் உள்ளங்கையால் அள்ளி அள்ளி என் முடியை நனைத்தான்.

"இம்புட்டுத்தான்டா கெடக்கு. எந்திரி. திரும்பிப் பாக்காம வா, அம்மா போகட்டும்."

அவன் முன்னால் நடந்தான். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். குழித் தண்ணீர் அதற்குள் மணலோடு போயிருந்தது. இப்போது மறுபடி ஏரிக்கரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நான் திரும்பிப் பார்த்ததாலோ என்னவோ, அம்மா இன்னும் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது. என்னைத் தேடி எந்தத் தண்ணீருக்கு வருவது என்று அவளுக்குத் தெரியாது. இந்த ஏரியின் பெயரை நானும் அவளிடம் சொல்லவில்லை.