கிட்டாருக்கு ஒரு ஸ்லைடு

கொடைக்கானல் கடைத்தெருவில் ஸ்லைடு கேட்டால் தலைமுடியில் குத்துகிற ஊசியைத் தருகிறார்கள். “கிட்டாருக்குங்க” என்றேன். கடைக்காரர் இன்னும் பெரிதாக ஒன்றைத் தேடியெடுத்து, “அந்தம்மாவுக்கு முடி ரொம்ப அடர்த்திங்களா?” என்றார்.

ஹட்டன் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் இருக்கும் உங்களுக்கு என் ஹவாயன் கிட்டாரைத் தெரியும். அதை மடியில் கிடத்தி, தந்திமேல் ஸ்லைடு என்கிற இரும்புத் துண்டை வழுக்கவிட்டால் மனிதர் போலவே அழும். அந்தத் துண்டு, சிலோனை விட்டு வந்த அன்று நான் கப்பலின் ஓரம் குனிந்து வாந்தியெடுத்தபோது, சட்டைப்பையிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. இங்கே காய்கறி லாரியில் மூட்டை ஏற்றுகிறவனுக்கு அது எதற்கு என்றுதான் இருந்தேன். ஆனால் லாரி டிரைவர் தங்கவேல் எனக்குப் பக்கத்துக் கிராமமான வடகவுஞ்சியில் பெண் பேசப்போய், “மாப்ள கிட்டாரு வாசிப்பாரு” என்று அளந்துவிட்டான். பூண்டு விவசாயியான பெண்ணின் அப்பாவுக்குச் சிலோன்காரன் என்றாலே சந்தேகம். “வாசிக்கட்டும், கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றாராம்.

மருந்துப் போத்தலின் கழுத்தை அறுத்து விரலில் மாட்டினேன். எடை போதாமல் தந்தி கொசுவாய் ரீங்கரித்தது. தண்ணீர்க் குழாய்த் துண்டின் மரை தந்தியைப் பிறாண்டியதில் தெருநாய்கள் என் வாசலில் கூடி ஊளையிட்டன. ஸ்லைடு இல்லாமல், கிட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு தங்கவேலோடு பெண் வீட்டுக்குப் போனேன்.

அங்கே பெண்ணின் அப்பா பொக்கைவாயோடு உட்கார்ந்து, குட்டி உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் விரல் நீள இரும்பு உலக்கை. வழுவழுப்பு, நல்ல கனம். பெண்ணைப் பார்க்க மறந்து அதையே பார்த்தேன்.

“அந்த உலக்கையக் கொஞ்சம் தாங்க.”

“இது என்ன சோலிக்கு? ஏலே தங்கவேலு, மாப்ளைக்கு அதுக்குள்ள பல்லு போயிருச்சா?”

நான் பதற்றத்தில், “மகளோட கொஞ்சம் கதைச்சிட்டு...” என்று இழுத்தேன். நாம் பேசுவதைக் கதைப்பது என்போம், இங்கே கதை என்றால் கதைதான்.

“கதையெல்லாம் பொறவு சொல்லலாம். வெரசா வாசிங்க.”

உலக்கை தந்திமேல் வெண்ணெயாய் வழுக்கியது. தேயிலைத் தோட்டத்து ஒப்பாரி ஒன்றை எடுத்தேன். உச்சத்துக்குப் போகும்போது அவர் கையை நீட்டினார். வெற்றிலை இடித்து வாயில் போட்டுக்கொண்டு, உலக்கையை வேட்டியில் துடைத்துத் திருப்பித் தந்தார். விட்ட இடத்திலிருந்து அழுதேன். மறுபடி கை நீண்டது. இப்படியே ஒப்பாரியும் வெற்றிலையும் மாறி மாறி நடந்து முடிந்தன. தந்தியெல்லாம் சுண்ணாம்பு.

“எனக்குச் சம்மதந்தான். உலக்க மட்டும் இங்கதான் கெடக்கும், வாசிக்கணும்னா வந்து வாசிங்க” என்றவர், மகளைப் பார்த்தார். “நீ என்னத்தா சொல்லுத?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நல்லாத்தான் அழுவுது” என்றாள். “எந்த ஊரப் பாத்து அழுவுதுன்னுதான் தெரியல.”

பதில் சொல்ல வெளியே பார்த்தேன். எல்லாப் பக்கமும் மூடுபனி. சிலோன் இருக்கும் திசை எதுவென்று தங்கவேலிடம் கேட்டேன். அவன் ஒரு பக்கம் கை காட்டினான், பெண்ணின் அப்பா வேறு பக்கம் காட்டினார். நான் கிட்டாரோடு ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பி, பிறகு இந்தப் பக்கம் திரும்பி, கடைசியில் அவள் நின்ற பக்கமாக, பாதி திரும்பியபடியே உட்கார்ந்துவிட்டேன்.